கானில் இறங்கி நின்றவர்

இலங்கை மலைநாட்டில், வலப்பனைப் பக்கத்தில் ஒரு சரிவு நிலத்தில் ஒன்பது கல்லுக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றைக் கட்டியவன் நான் என்று அரசாங்கப் பதிவேடு ஒன்று சொல்கிறது. ஒரு கல்லைக்கூட நான் எடுத்துவைத்ததில்லை. சரி, இதிலும் பொய் வேண்டாம். இரண்டு கல் எடுத்துவைத்தேன். இரண்டாவது கல் என் கால் கட்டைவிரலில் விழுந்து பத்து நாள் நொண்டினேன். அதோடு என் கல்வேலை முடிந்தது. மிச்சமெல்லாம் என் அக்காவும் அக்கா புருஷனும் கட்டியவை.

இதை எழுத எனக்கு ஆசை இல்லை. ஆனால் என் மகன் வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்க அப்பா அந்தக் காலத்துலயே காணி வாங்கி, கல்லு கட்டி, அரசாங்கத்துக்கிட்ட நல்ல பேரு எடுத்தவரு" என்று ஆரம்பித்துவிடுகிறான். வந்தவர்களும் என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறேன். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவனுக்கு அப்படிச் சொல்லி வளர்த்தவன் நான்தான்.

சுதந்திரம் கிடைத்து எட்டு, ஒன்பது வருஷம் ஆகியிருக்கும். நான் அப்போது நானுஓயா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மரக்கறி மொத்தக் கடையில் கிளாக்கர் வேலை பார்த்தேன். கோவா என்கிற முட்டைக்கோசும் லீக்சும் மூட்டை மூட்டையாக ரயிலேறிக் கொழும்புக்குப் போகும். கிராமத்துச் சிங்கள விவசாயிகளோடு தினமும் பேசிப் பேசி எனக்குச் சிங்களம் நன்றாக வரும். இங்கிலீஷும் கொஞ்சம் வரும், எதிரில் இருப்பவருக்கு என்னைவிடக் குறைவாகத் தெரிந்தால். கால்சட்டை போடுவேன். தலைக்கு வாசனை எண்ணெய் தேய்த்து வகிடெடுத்துச் சீவுவேன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த பையன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

என்னிடம் இன்னொன்றும் இருந்தது. பிரஜாவுரிமைப் பத்திரம். சுதந்திரத்தோடு தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமை போய்விட்டது, அத்தாட்சி காட்டி விண்ணப்பித்தவர்களுக்குத்தான் திரும்பக் கிடைத்தது. என் அப்பா ஒரு தகரப் பெட்டி நிறையத் துண்டுச் சீட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார். அம்மை குத்திய சீட்டு, பள்ளிக்கூடச் சீட்டு, அரிசிச் சீட்டு, எதையும் எறியமாட்டார். அந்தப் பெட்டியின் புண்ணியத்தில் எனக்கு விண்ணப்பம் தேறிவிட்டது. அக்கா புருஷனுக்கு, என் மச்சானுக்கு, தேறவில்லை. அவர் தன் தகப்பன் சாவுக்கு இந்தியாவில் ஊருக்குப் போய், தாயை விட்டு வர மனசில்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டார். தொடர்ந்து இந்த நாட்டில் இருந்ததற்கு அத்தாட்சி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாய்க்குக் கஞ்சி ஊற்றியதற்கு அவருக்குக் கிடைத்த கூலி அது.

மச்சான் தோட்டத்தில் கான் வெட்டும் ஆள். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் மண்ணை அரித்துப் போகாமல் குறுக்காக ஓடவிடுவதற்கு வெட்டும் வாய்க்கால்தான் கான். அவர் வெட்டிய கானில் தண்ணீர் ஓடும்போது சத்தமே இருக்காது என்பார்கள். ஒருநாள் கங்காணியோடு வாய்த்தகராறு ஆகிவிட்டது. தப்பு கங்காணி மேல்தான், ஆனால் பத்துச்சீட்டு மச்சானுக்கு வந்தது. பத்துச்சீட்டு வந்தால் வேலை போகும், வேலையோடு குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போகும். அக்கா, மச்சான், மூன்று வயதுப் பெண்பிள்ளை, மூவரும் ஒரு சாக்குமூட்டையோடு தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

அப்போதுதான் அந்த நிலம் விலைக்கு வந்தது. பதினைந்து வருஷமாக யாரும் கொத்தாத மானாப்புல்லுக் காடு, கால் வைத்தால் வழுக்கும் சரிவு. கிராமத்துக்காரர் ஒருவர் போனால் போகட்டும் என்று கொடுத்தார். அக்காவின் காப்பும் அட்டியலும் போயின. அப்பாவின் கைச்சேமிப்பு போயிற்று. என்னிடமிருந்து போனது என் கையெழுத்து மட்டும். பத்திரம் உள்ளவன் பெயரில் எழுதினால்தான் பின்னால் அரசாங்க உதவி எதுவும் கிடைக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆகவே நிலம் என் பெயரில் எழுதப்பட்டது. யாரும் அதைப் பற்றி இரண்டாம் பேச்சுப் பேசவில்லை. குடும்பத்துக்குள்தானே.

முதல் வருஷம் கோவா போட்டார்கள். ஐப்பசி மழை ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கொண்டுபோய் ஓடையில் கொட்டியது. நான் அந்த ஞாயிற்றுக்கிழமை போனபோது ஓடைத் தண்ணீர் பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எங் காப்பு போகுது பாரு தம்பி" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது.

அந்த வருஷம்தான் கந்தோர் என்று நாங்கள் சொல்லும் விவசாய அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு எங்கள் கடைச் சுவருக்கு வந்தது. சரிவு நிலத்தில் மண் அரிக்காமல் கல்லுக்கட்டுக் கட்டுபவர்களுக்கு அரசாங்கம் உதவிப் பணம் கொடுக்கும். பாதி வேலை தொடங்கும்போது, மீதி அதிகாரி வந்து பார்த்துச் சரி என்ற பிறகு. நான் அதை வாசித்துவிட்டு உடனே போய் விண்ணப்பம் போட்டேன். அதில் மட்டும் நான் சுறுசுறுப்பு. விண்ணப்பப் பாரம் நிரப்புவதில் என்னை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

மச்சான் கட்டத் தொடங்கினார். மூன்று மரச்சட்டத்தை அடித்து, நடுவில் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, மட்டம் பார்க்கும் கோல் ஒன்று அவரே செய்துகொண்டார். அதை அடி அடியாக நகர்த்தி, மலையைச் சுற்றி ஒரே மட்டத்தில் முளை அடித்துக்கொண்டே போவார். முளை வரிசையில் அடித்தளம் தோண்டி, பெரிய கல்லை அடியில் போட்டு, கட்டு மலைப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும்படி அடுக்குவார். பின்னால் சின்னச் சல்லியைக் கொட்டுவார். தண்ணீர் கசிந்து வெளியே போகும், மண் உள்ளே நிற்கும். அக்கா கூடையில் கல் சுமந்தாள். பிள்ளையை ஒரு சாக்கில் உட்காரவைத்துக் கையில் ஒரு கரட் கொடுத்துவிட்டால் அது பாட்டுக்குக் கடித்துக்கொண்டிருக்கும்.

"கல்லுக்கும் மொகம் இருக்கு மாப்ள" என்பார் மச்சான். "அந்த மொகத்தக் கண்டுபுடிச்சு வெளிய பாக்க வச்சிட்டா அது சொன்ன எடத்துல நிக்கும்."

"அப்ப எனக்கும் மொகம் பாத்து எங்கயாச்சும் வைங்க மச்சான்" என்பேன்.

"ஒனக்கு நாற்காலிதான் மாப்ள. கல்லுல ஒக்காந்தா கால்சட்ட கசங்கிரும்."

அவர் இப்படி என்னைக் கேலி செய்வார். நான் ஞாயிறு தோறும் ஒரு றாத்தல் பாண் ரொட்டியும், கொஞ்சம் நெத்தலிக் கருவாடும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கட்டின்மேல் பேப்பரை விரித்து உட்கார்ந்து ஊர்க்கதை அளப்பேன். அக்கா தேத்தண்ணி கொடுப்பாள். மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

ஐந்தாவது கட்டு முடிந்த சமயம், நான் கந்தோருக்கு ஒரு கையெழுத்துக்குப் போனேன். மண் பாதுகாப்பு அதிகாரி சிங்களவர், நடுவயது, பொறுமையான மனுஷன். நிலத்தில் வேறு யாராவது பங்குக்குப் பயிர் செய்கிறார்களா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார். ஏன் என்று கேட்டேன். உதவிப் பணம் பத்திரம் உள்ள சொந்தக்காரருக்குத்தான் என்றார். ஆனால் பயிர்செய்பவர்கள் பதிவேடு என்று ஒன்று தனியாக இருக்கிறது, பங்குக்குச் செய்கிறவர் பெயரை நேரில் பார்த்து அவர் அதில் எழுதலாம், அதற்குப் பத்திரம் கேட்பதில்லை என்றார். அதில் பெயர் இருந்தால் விதை உருளைக்கிழங்கு, உரம் எல்லாம் அவர் கைக்கே கிடைக்கும். சொந்தக்காரன் நினைத்த நேரத்தில் எழும்பு என்று சொல்லவும் முடியாது.

இதை வந்து சொன்னபோது மச்சான் கையிலிருந்த கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்காதான் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள்.

"தம்பி, மனசுல ஒண்ணும் வச்சுக்காத" என்றாள். "நீ நல்லவன்தான். நாளைக்கு நீ ஒருத்திய கட்டுவ. வர்றவ எப்படி இருப்பாளோ, யாரு கண்டா. எங்களுக்கு லயமும் இல்ல, ஊரும் இல்ல. இவரு பேரு ஒரு எடத்துல எழுதியிருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

"ஏய், அவங்கிட்ட போயி என்னா பேச்சு பேசுற நீ" என்று மச்சான் அதட்டினார்.

"அக்கா கேக்கறது ஞாயந்தான் மச்சான்" என்றேன். "அதிகாரி பார்வைக்கு வர்ற அன்னிக்கு நானே முன்னால நின்னு எழுத வைக்கிறேன். இது எம் பொறுப்பு." அப்பா தலைமேல் சத்தியம் என்று வேறு சொன்னேன். யாரும் கேட்காத சத்தியம் அது.

ஒன்பதாவது கட்டு தை மாதம் முடிந்தது. அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. நான் முந்தின நாளே போய்விட்டேன். மச்சானுக்குப் பாடம் நடத்தினேன். "கல்யாணச் சட்டையப் போட்டுக்குங்க. தலையில துண்டு வேணாம். எம் பக்கத்துல நில்லுங்க. அவரு கை குடுத்தா நீங்களும் குடுக்கணும்." எல்லாவற்றுக்கும் சரி மாப்ள, சரி மாப்ள என்றார். காலையில் சவரம் செய்து, சட்டை போட்டு, மேல் கல்லுக்கட்டில் ஏறி உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கிராமத்து வீடொன்றில் கண்ணாடித் தம்ளர்கள் இரவல் வாங்கி வைத்திருந்தாள்.

அதிகாரி தனியாக வரவில்லை. கல்லுக்கட்டு எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகக் கிராமத்து விவசாயிகள் ஏழெட்டுப் பேரையும் கூட்டிவந்தார். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால்வரை மேசு என்கிற வெள்ளைக் காலுறை, தலையில் தொப்பி. வளைவில் அந்தத் தொப்பி தெரிந்தது.

தோட்டத்தில் வாழாதவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். துரையோ கணக்கப்பிள்ளையோ பாதையில் வந்தால், எதிரே வருகிற ஆள் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாதையை விட்டுக் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். அவர் கடந்து போன பிறகுதான் மேலே ஏறலாம். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நடக்கப் பழகும்போதே பழகிவிடும். காக்கி அரைக்கால் சட்டையும் மேசும் தொப்பியும் கண்டால் கால் தானாக இறங்கும்.

மச்சான் கால் இறங்கிவிட்டது. மேல்கட்டிலிருந்து எழுந்து என் பக்கத்துக்கு வர வேண்டியவர், தான் வெட்டிய கானுக்குள், தன் நிலத்தில், முட்டளவு இறங்கி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு குனிந்து நின்றார். தலையில் துண்டு இல்லை. ஆனாலும் கை ஒருமுறை தலைக்குப் போய்த் துண்டைத் தேடியது. அதைக் கிராமத்து விவசாயி ஒருவர் பார்த்துவிட்டு, பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். நான் என் வகிட்டைத் தடவிச் சரிசெய்துகொண்டேன்.

அதிகாரி கட்டைப் பார்த்தார். கையால் தள்ளிப் பார்த்தார். ஏறி நின்று குதித்தும் பார்த்தார். ஒரு கல் அசையவில்லை. வந்தவர்களைப் பார்த்து, இந்தப் பையனைப் பாருங்கள், கடையில் பேனா பிடிக்கிறவன், தன் கையாலே இப்படிக் கட்டியிருக்கிறான், உங்களுக்கு என்ன குறை என்று சிங்களத்தில் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தச் சிரித்த மனிதரும் பார்த்தார். இல்லை, கட்டியது இவர் என்று அப்போதே கைகாட்டியிருக்கலாம். நான் தலையைக் கொஞ்சம் சாய்த்துச் சிரித்தேன்.

பிறகு அதிகாரி பதிவேட்டை விரித்தார். பேனாவைத் திறந்தார். கானில் நின்றவரைப் பார்த்துவிட்டு, யார் இவர், பங்குக்குப் பயிர் செய்கிறவரா என்று கேட்டார். மறக்காமல் அவரே கேட்டார். ஒரு வார்த்தை போதும், ஆமாம் என்று. கிராமத்து ஆட்கள் ஏழெட்டுப் பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லை" என்றேன். "கூலி ஆள்."

அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. சிங்களத்திலும் அதுவே சொல். ஆனால் மச்சான் தூரத்தில் நிற்கிறார், பேச்சு சிங்களத்தில் நடக்கிறது, அவருக்கு விளங்கியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கட்டியவன் நான், பங்குக்குப் பயிர் செய்கிறவர் யாரும் இல்லை என்று அதிகாரி எழுதினார். அப்போது அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். அதிகாரி ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு, நல்ல மனுஷன் என்று சொன்னேன் அல்லவா, கானைக் காட்டி, அவருக்கும் கொடுங்கள், களைத்திருப்பார் என்றார். "அவங்க பிறகு குடிப்பாங்க" என்று நான் சிங்களத்தில் சொல்லி, அக்காவுக்குப் போ என்று கையைக் காட்டினேன். அக்கா என்னைப் பார்த்தாள். கானைப் பார்த்தாள். தட்டைத் திருப்பிக் கொண்டுபோனாள். தட்டில் ஒரு தம்ளர் மிச்சம் இருந்தது.

இன்னும் இருக்கிறது. கிராமத்து விவசாயி ஒருவர் அடித்தளம் எவ்வளவு ஆழம் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. முழங்கால் ஆழமா, இடுப்பு ஆழமா, சத்தியமாகத் தெரியாது. கானைப் பார்த்து, "ஏய், அடி எவ்வளவு தோண்டுன, சொல்லு" என்றேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அக்கா கழுத்தில் தாலி கட்டிய நாளிலிருந்து ஒருநாளும் நான் அவரை நீ என்று சொன்னதில்லை. கங்காணி குரல் எனக்கு எங்கிருந்து வந்ததோ, அப்படியே வந்தது.

"ஒரு மொழங்க" என்றார் மச்சான்.

ங்க என்று சொன்னார். எனக்கு.

அவர்கள் போன பிறகு அவர் கானிலிருந்து ஏறி வந்தார். கல்யாணச் சட்டையின் ஓரத்தில் சேறு. அதைத் தட்டிக்கொண்டே, "கால் தன்னப்போல எறங்கிருச்சு மாப்ள. நீ அவ்வளவு சொல்லியும் கேக்கல பாரு" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார். பிறகு, "எழுதிட்டாரா?" என்றார்.

"எழுதிட்டாரு மச்சான்" என்றேன்.

எழுதினார்தான். அதில் பொய் இல்லை என்று அன்றைக்குப் பஸ்ஸில் எனக்குள் வாதாடினேன். அப்படியெல்லாம் யோசிக்கிற மூளை எனக்கு.

பல வருஷம் பயத்தால் சொன்னேன் என்று சமாதானம் வைத்திருந்தேன். பத்திரமில்லாத ஆள் கட்டியது என்று தெரிந்தால் மீதி உதவி நின்றுவிடுமோ என்ற பயம். அதிகாரியே வழி சொல்லியிருக்கும்போது என்ன பயம்? பயம் இல்லை. வெட்கம். கானில் கைகட்டி நின்றவர் என் ஆள் என்று அந்தக் கிராமத்துக்காரர்கள் முன்னால் சொல்ல வெட்கப்பட்டேன். அவர் அப்படி நின்றால் நானும் அப்படி நிற்கிறவன் வீட்டுப் பிள்ளை என்று ஆகிவிடும். என் வகிடும் வாசனை எண்ணெயும் என்ன ஆவது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திருத்துவதற்கு நாள் இருந்தது. விதை உருளைக்கிழங்கு கொடுக்கும் நாள்வரை இரண்டு மாதம் இருந்தது. அடுத்த ஞாயிறு மச்சான் கேட்டார், "கந்தோருக்குப் போற வேல இருக்கா மாப்ள?"

"மீதிப் பணத்துக்குக் கையெழுத்துப் போடப் போவணும்."

"போனா ரெண்டு கோவா தர்றேன், அந்த ஐயாவுக்குக் குடு. நல்ல மனுசரு. நின்னு நிதானமாப் பேசிட்டு வா. அவசரப்படாத."

நல்ல கோவாவாக இரண்டு பார்த்து, வெளி இலையை உரித்து, நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்து என் பையில் வைத்தார். நான் கொண்டுபோனேன். அதிகாரி சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். பதிவேடு அவர் மேசையில் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பக்கத்து மாவட்ட அதிகாரிகளிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன், உன்னைப் போன்ற இளைஞர்கள்தான் வேண்டும் என்றார். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாக்கு நுனிவரை வந்தது. அன்றைக்குப் பொய் சொன்னேன் ஐயா என்று சொன்னால் இந்த முகம் மாறிவிடுமே என்று நினைத்தேன். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

"பேசினியா மாப்ள?" என்று மச்சான் கேட்டார்.

"பேசினேன் மச்சான். கோவா நல்லாருக்குன்னாரு."

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "சரி" என்றார்.

விதை உருளைக்கிழங்கு கொடுக்கும் நாள் ஒரு சனிக்கிழமை. வலப்பனையில், கூட்டுறவுக் கடையில். எனக்கு நானுஓயாவில் வேலை, போக முடியவில்லை. போக முடியவில்லை என்று எழுதுகிறேன். கேட்டிருந்தால் முதலாளி லீவு கொடுத்திருப்பார். மறுநாள் காலை பாணும் கருவாடும் வாங்கிக்கொண்டு போனேன். நிலத்தில் அவர்கள் போட்டுக் குடியிருந்த கொட்டிலை நெருங்கினேன். மேல்கட்டுக்கு உள்ளே மண்ணை நன்றாகக் கொத்தி, சாணி உரம் போட்டு, பாத்தி பிடித்துத் தயாராக வைத்திருந்தார்கள். பாத்திகள் வெறுமையாக இருந்தன. கொட்டில் கொடியில் இரண்டு சாக்குகள் காய்ந்துகொண்டிருந்தன. வெறும் சாக்கு.

மச்சான் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் புதுக்காம்பு செருகிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வழக்கம்போல எழுந்து, "வா மாப்ள" என்றார்.

"கெழங்கு…" என்றேன்.

"விடியக்காலையிலயே போயிட்டேன். நான்தான் வரிசையில மொத ஆளு" என்றார். "ஒவ்வொரு பேரா வாசிச்சாங்க. நம்ம பேரு வரல. கடைசி வரைக்கும் நின்னேன். பெறகு போயிக் கேட்டேன். பட்டியல்ல இல்லையாம். மழ வந்திருச்சு, திரும்பிட்டேன்." காம்பைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். "எழுதுறப்ப கண்ணு தப்பியிருக்கும் மாப்ள. எத்தன பேருதான் எழுதுவாரு அந்த மனுசன்."

சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்காமல் காம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்லியிருக்கலாம். இதுதான் கடைசி இடம், இதற்குப் பிறகு இடம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

"ஆமா மச்சான்" என்றேன். "கண்ணு தப்பியிருக்கும். நான் போயிப் பாக்குறேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கீழ்க்கட்டுப் பக்கம் இறங்கிப் போனார். பிள்ளை பின்னாலேயே ஓடியது.

நான் உள்ளே போனேன். அக்கா அடுப்பூதிக்கொண்டிருந்தாள். பாணை வாங்கி ஒரு பக்கம் வைத்தாள். தேத்தண்ணி ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு, மறுபடியும் அடுப்புக்குப் போய்க் குந்தினாள். முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

"அவருக்கு அன்னிக்கே தெரியும்டா" என்றாள்.

நான் தம்ளரைப் பிடித்தபடி இருந்தேன்.

"நீ சொன்னது அவரு காதுல விழுந்துச்சு. அன்னிக்கு ராவு நான் அழுதேன். அவருதான் என்னைய வஞ்சாரு. ஆளுங்க முன்னால சின்னப்பய வாய் தவறிட்டான், வெளிய சொல்ல வெக்கப்படுறான், பெறகு போயித் திருத்திருவான், நீ அவங்கிட்ட ஒண்ணும் கேட்டுறாதன்னாரு." ஊதுகுழலை எடுத்து ஒரு ஊது ஊதினாள். புகை கொட்டில் முழுக்கப் பரவியது. "கந்தோருக்குப் போறப்ப கோவா குடுத்துவிட்டாரே, அது எதுக்குன்னு நெனச்ச? நேத்து நான் போவாதீங்கன்னுதான் சொன்னேன். பேரு இருக்காதுன்னு சொன்னேன். இல்ல, இத்தன நாளுல எம் மாப்ள எழுத வச்சிருப்பான்னு சொல்லி, ரெண்டு சாக்கத் தோச்சு எடுத்துக்கிட்டுப் போனாரு."